கொலனோஸ்கோபி சரியாக இருந்தால் போதுமா? ஆசனவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைகள் குறித்து

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, மற்றவர்களுக்கும் புரியும் அளவுக்கு அதன் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன். உங்களுக்கு வயது 48. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளை 14 ஆண்டுகளாக விடாமல் எடுத்துவருகிறீர்கள். இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது. ஆண்களுடன் உறவு கொள்பவர். பெண்களுக்குக் கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரைப் போலவே ஆசனவாய்க்கும் ஒரு சோதனை இருப்பதாகப் படித்துவிட்டு மருத்துவரிடம் கேட்டிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு செய்த கொலனோஸ்கோபி சரியாக இருந்ததால் வேறெதுவும் தேவையில்லை என்று அவர் சொல்லிவிட்டார். இதற்கிடையே, சில மாதங்களாக மலம் கழிக்கும்போது அவ்வப்போது இரத்தம் தென்படுகிறது. மூலமாகத்தான் இருக்கும் என்று களிம்பு பூசி வருகிறீர்கள். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு 12 ஆண்டுகள் ஆன உங்கள் அக்காவுக்கும் இந்த ஆபத்து உண்டா, தடுப்பூசி போட்டுக்கொண்டால் இந்தச் சோதனைகளைத் தவிர்க்கலாமா என்பவை உங்கள் மற்ற இரண்டு கேள்விகள்.

நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இரத்தக்கசிவைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரீனிங் எனப்படும் முன்கூட்டிய பரிசோதனை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு உரியது. உங்களுக்கோ தொந்தரவு இருக்கிறது. எனவே எந்த வயதில் தொடங்குவது, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்வது என்ற விவாதமெல்லாம் உங்கள் விஷயத்தில் இரண்டாம்பட்சம். ஒரு மருத்துவர் ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, சிறு குழாய்க் கருவியை வைத்து உள்ளேயும் பார்க்க வேண்டும். இதற்கு அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் அது மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஆசனவாய்ப் புற்றுநோயின் தொடக்க அறிகுறிகளான இரத்தக்கசிவு, வலி, அரிப்பு, ஏதோ தடிப்பாக இருப்பது போன்ற உணர்வு ஆகியவை மூலத்தின் அறிகுறிகளிலிருந்து சிறிதும் வேறுபடுவதில்லை. உண்மையிலேயே மூலம் உள்ள ஒருவருக்கு அதன் அருகிலேயே புற்றும் இருக்கக்கூடும். யாரும் தொட்டுப் பார்க்காமலேயே மூலம் என்று முடிவுசெய்து மாதக்கணக்கில் களிம்பு பூசுவதுதான் இந்த நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு அடிக்கடி காரணமாகிறது.

அடுத்தது கொலனோஸ்கோபி. பெருங்குடலையும் மலக்குடலையும் பார்ப்பதற்கு அது மிகச் சிறந்த சோதனை. அங்கு வரும் பாலிப் எனப்படும் சிறு வளர்ச்சிகளும் புற்றுகளும் வேறு வகை நோய்கள். ஆசனவாய்க் குழல் என்பது அதற்கும் கீழே, சுருக்குத் தசைகள் இறுக மூடியிருக்கும் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள பகுதி. கொலனோஸ்கோப் அந்த இடத்தைச் சில நொடிகளில் கடந்து மேலே போய்விடுகிறது. அங்கே பெரிய கட்டி இருந்தால் கண்ணில் படலாம். ஆனால் நாம் தேடுவது கட்டியாக மாறுவதற்கு முந்தைய மாற்றத்தை. தகுந்த கரைசலைத் தடவாமல், உருப்பெருக்கிக் காட்டும் கருவி இல்லாமல் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. மலத்தில் இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் இந்த வேலைக்கு உதவாது. ஆகவே உங்கள் கொலனோஸ்கோபி முடிவு மகிழ்ச்சிக்குரியதுதான் என்றாலும், நீங்கள் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது.

எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்தால் சோதனைகளின் வரிசை எளிதில் புரியும். ஆசனவாய்ப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு மனிதப் பாப்பிலோமா வைரஸ், அதாவது ஹெச்.பி.வி.தான் காரணம், அதன் பல வகைகளுள் 16-ஆம் வகையே முதன்மையானது. கருப்பைவாயில் நிகழ்வதைப் போலவே இங்கும் இரண்டு வகைச் செல்படலங்கள் சந்திக்கும் எல்லையில் வைரஸ் நெடுங்காலம் தங்கி, செல்களைப் படிப்படியாக மாற்றுகிறது. இந்த மாற்றம் முற்றிய கட்டத்தை மருத்துவ அறிக்கைகள் ஹெச்.எஸ்.ஐ.எல். என்று குறிப்பிடும், இதை உயர்நிலை முன்புற்று மாற்றம் எனலாம். இது புற்றுநோய் அன்று. பலருக்கு அது தானாகவே மறைந்துவிடுகிறது. சிலருக்கு அப்படியே தங்குகிறது. மிகச் சிலருக்கு மட்டுமே புற்றாகிறது. அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே பிரித்துச் சொல்லும் சோதனை இன்னும் நம்மிடம் இல்லை.

பொதுமக்களிடையே இந்தப் புற்றுநோய் அரிது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. அதனால்தான் எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்வதில்லை. ஆனால் எச்.ஐ.வி.யுடன் வாழும், ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களில் இந்த எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 85 என்று 2021-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. எச்.ஐ.வி. உள்ள மற்ற ஆண்களில் அது 32, எச்.ஐ.வி. உள்ள பெண்களில் 22, எச்.ஐ.வி. இல்லாத, ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களில் 19. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களில் 13. பெண் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் முன்புற்று மாற்றமோ புற்றோ வந்த பெண்களில் 40-க்கும் மேல். குத உறவு கொள்பவர்களுக்கு மட்டுமே வரும் நோய் இது என்று பலரும், சில மருத்துவர்கள் உட்பட, நினைப்பது தவறு என்பதற்கு இந்த எண்களே போதும். வைரஸைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஆபத்தைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதை இல்லாமல் ஆக்குவதில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன் சி.டி.4 எனப்படும் நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை மிகக் குறைந்திருந்தவர்களுக்கு அந்தக் காலத்தின் பாதிப்பு பின்னரும் தொடரக்கூடும்.

இவ்வளவு நாளும் இதற்கென உறுதியான வழிகாட்டுதல் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். முன்புற்று மாற்றத்தைக் கண்டுபிடித்து நீக்கினால் புற்றுநோய் உண்மையில் குறைகிறதா என்பதற்கு நெடுங்காலம் நேரடிச் சான்று இல்லாமல் இருந்ததுதான் காரணம். அமெரிக்காவில் 25 மையங்களில் நடந்த ‘ஆங்கர்’ ஆய்வு அந்தக் குறையைத் தீர்த்தது. அதன் முடிவுகள் 2022-இல் வெளியாயின. எச்.ஐ.வி.யுடன் வாழும், 35 வயதைக் கடந்த, உயர்நிலை முன்புற்று மாற்றம் திசுச் சோதனையில் உறுதியான 4,459 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உடனே சிகிச்சை அளித்தார்கள். மற்றவர்களை நெருக்கமாகக் கண்காணித்து மட்டும் வந்தார்கள். சுமார் இரண்டு ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்களில் 9 பேருக்கும், கண்காணிக்கப்பட்டவர்களில் 21 பேருக்கும் புற்றுநோய் வந்தது. அதாவது ஆபத்து 57 சதவீதம் குறைந்தது. இந்த எண்களை இரண்டு கோணங்களிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பேன். சிகிச்சையின் பயன் தெளிவாகத் தெரிகிறது. அதே சமயம், சிகிச்சையே பெறாத பிரிவிலும் அந்தக் காலத்துக்குள் புற்று வந்தவர்கள் நூற்றில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. சிகிச்சை பெற்றும் சிலருக்கு வந்திருக்கிறது. எனவே ஹெச்.எஸ்.ஐ.எல். என்று அறிக்கை வந்தால் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கவும் வேண்டாம். சிகிச்சை முடிந்ததும் இனி மருத்துவமனைப் பக்கமே போக வேண்டாம் என்றும் எண்ண வேண்டாம்.

இந்தச் சான்றின் அடிப்படையில், ஆசனவாய் முன்புற்றுக்கான சர்வதேசச் சங்கம் 2024-இல் வழிகாட்டுதலை வெளியிட்டது. எச்.ஐ.வி. உள்ள, ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கையரும் 35 வயதிலிருந்தும், எச்.ஐ.வி. உள்ள மற்ற அனைவரும் 45 வயதிலிருந்தும், எச்.ஐ.வி. இல்லாத, ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கையரும் 45 வயதிலிருந்தும் பரிசோதனையைத் தொடங்கலாம் என்கிறது அது. இதன்படி உங்களுக்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வருந்த வேண்டியதில்லை. அப்போது இந்த வழிகாட்டுதலே இல்லை.

இனி சோதனைகளுக்கு வருவோம். முதலாவது, விரல் பரிசோதனை. கையுறை அணிந்து, வழவழப்பான ஜெல் தடவிய விரலால் மருத்துவர் ஆசனவாயின் உட்சுவரைச் சுற்றிலும் மெல்ல அழுத்தித் தடவிப் பார்ப்பார். வெளித்தோலையும் விரித்துப் பார்ப்பார். கல் போன்ற கடினம், அசையாத தடிப்பு, சொரசொரப்பான திட்டு, தொட்டால் வலிக்கும் புள்ளி ஆகியவற்றையே அவர் தேடுகிறார். ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும்; செலவு என்று சொல்ல எதுவுமில்லை; எந்தச் சிறு மருத்துவமனையிலும் செய்யலாம். முன்புற்று மாற்றம் விரலுக்குத் தென்படாது என்பது இதன் எல்லை. ஆனால் சிறிய புற்று தென்படும். இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான நிலையில் கண்டறிந்தால், சுருக்குத் தசையை இழக்காமல் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். இந்த எளிய சோதனைதான், மற்ற எல்லாவற்றையும்விட, மிகவும் புறக்கணிக்கப்படுகிறது என்பது என் எண்ணம். நோயாளி கூச்சப்படுவார் என்று மருத்துவரும், மருத்துவர் தவறாக நினைப்பார் என்று நோயாளியும் தவிர்த்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்யும்படி நீங்களே கேளுங்கள். “எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, ஆண்களுடன் உறவு கொண்டிருக்கிறேன், இரத்தம் கசிகிறது, ஆசனவாயை விரலால் பரிசோதிக்க வேண்டும்” என்ற அளவுக்குச் சொன்னால் போதும், அதற்கு மேல் உங்கள் வாழ்க்கையை விவரிக்க வேண்டியதில்லை. அதைச் சொல்வதே இயலாத சூழல் என்றால், உங்களுக்குக் கூட்டு மருந்து தரும் மையத்திலேயே இதைக் கேட்பது எளிதாக இருக்கும்.

இரண்டாவது, நீங்கள் படித்த ஸ்மியர். செயற்கை நார் சுற்றிய குச்சியைத் தண்ணீரில் நனைத்து, ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, சுவரில் அழுத்திச் சுழற்றியபடியே மெதுவாக வெளியே எடுப்பார்கள். உதிர்ந்த செல்கள் திரவத்தில் இடப்பட்டு, நுண்ணோக்கியில் பார்க்கப்படும். வலி இராது, சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான். முந்தைய 24 மணி நேரத்தில் எனிமாவோ குத உறவோ கூடாது. ஒரே அமர்வில் இரண்டும் செய்வதானால், விரல் பரிசோதனைக்கு முன்பே மாதிரியை எடுத்துவிட வேண்டும். ஜெல் பட்டால் மாதிரி கெடக்கூடும். இந்தச் சோதனை முன்புற்று மாற்றம் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வரைப் பிடிக்கிறது. மாற்றம் இல்லாதவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோரை இருப்பதாகத் தவறாகவும் காட்டுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்மியரில் லேசான மாற்றம் என்று வந்தாலும், திசுவை எடுத்துப் பார்த்தால் உயர்நிலை மாற்றமாக இருப்பது அரிதன்று. அதனால் லேசான மாற்றம் என்ற சொல்லை நம்பி ஓராண்டு தள்ளிப்போடக் கூடாது. பொதுவாக, இயல்புக்கு மாறான எந்த முடிவும் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு உரியதே.

மூன்றாவது, அதே மாதிரியிலிருந்து ஹெச்.பி.வி. வைரஸைத் தேடும் சோதனை. ஆபத்தான வகைகள் எதுவும் இல்லை என்று வந்தால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். அடுத்த சோதனையை ஈராண்டுவரை தள்ளிவைக்கலாம். ஆனால் உங்கள் பிரிவினரில் வைரஸ் மிகப் பரவலாக இருப்பதால், இருக்கிறது என்று வரும் முடிவு மட்டும் அதிகமாக எதையும் சொல்வதில்லை. 16-ஆம் வகை இருக்கிறதா என்று தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லும் அறிக்கைக்குத்தான் கூடுதல் மதிப்பு. அது இருந்தால், ஸ்மியர் இயல்பாக வந்திருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

அந்த அடுத்த கட்டம் உயர்தெளிவு அனோஸ்கோபி. முந்தைய சோதனைகளெல்லாம் உங்களை இதன் வாசலுக்குக் கொண்டுவந்து விடுபவைதான். நோயை உறுதிசெய்வது இதுவே. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மரத்துப்போகும் ஜெல் தடவி, சிறு குழாயைச் செலுத்தி, அசிட்டிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைச் சிறிது நேரம் உள்ளே வைத்திருப்பார்கள். பிறகு கோல்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் மடிப்பு மடிப்பாகப் பார்க்கும்போது, மாறிய செல்கள் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். லுகோல் அயோடின் கரைசலைத் தடவினால் அந்த இடம் சாயம் ஏறாமல் மஞ்சளாக நிற்கும். அங்கிருந்து சில மில்லிமீட்டர் அளவில் திசு எடுக்கப்படும். உட்பகுதியில் எடுக்கும்போது பெரும்பாலும் வலிக்காது. வெளிப்பகுதியில் எடுப்பதற்கு மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அதன்பின் சில நாட்கள் சிறிது இரத்தம் கசியலாம்; ஒரு வாரமளவுக்கு உறவைத் தவிர்க்க வேண்டியிருக்கும். இது பார்க்க எளிதாகத் தோன்றினாலும் கைப்பழக்கம் வேண்டிய வேலை. இதைச் செய்பவர் ஆண்டுக்குக் குறைந்தது 50 பரிசோதனைகளையாவது செய்ய வேண்டும் என்று மேற்சொன்ன சங்கத்தின் தரநிலை சொல்கிறது. அந்த அளவுக்குப் பயிற்சி பெற்றவர்கள் உலகெங்கும் குறைவு.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதன் மையம் இங்கேதான் இருக்கிறது. உயர்தெளிவு அனோஸ்கோபிக்கு அனுப்ப வழியில்லாத இடத்தில் ஸ்மியரோ ஹெச்.பி.வி. சோதனையோ செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை, எச்.ஐ.வி. பராமரிப்புக்கான அமெரிக்க அரசின் வழிகாட்டுதலும் இதே நிலைப்பாட்டையே எடுத்திருக்கிறது. இயல்புக்கு மாறானது என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து, இதற்கு மேல் இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டால், அந்த மனிதருக்குக் கிடைப்பது கவலை மட்டுமே. ஆய்வகத்தில் பணம் கட்டினால் மாதிரி எடுத்துக்கொடுப்பார்கள் என்பதற்காகச் செய்துகொள்ளாதீர்கள். “முடிவு சரியில்லை என்றால் என்னை எங்கே அனுப்புவீர்கள்?” என்று முதலில் கேளுங்கள். தெளிவான விடை வந்தால் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். வராவிட்டால், ஆண்டுதோறும் விரல் பரிசோதனையும், அறிகுறி தோன்றியவுடன் நேரில் காட்டுவதும்தான் உங்களுக்கான திட்டம்; அதை இரண்டாந்தரமானது என்று நினைக்க வேண்டாம். வீட்டிலேயே தாமாக மாதிரி எடுத்து அனுப்பும் முறையும் ஆராயப்பட்டு வருகிறது. பலராலும் அதைச் சரியாகச் செய்ய முடிகிறது என்றாலும், அதற்கும் இதே கேள்வி பொருந்தும்.

முன்புற்று மாற்றம் உறுதியானால் செய்யும் சிகிச்சை பெரும்பாலும் மின்சாரத்தால் அந்த இடத்தைச் சுட்டு நீக்குவது. மரத்துப்போகும் ஊசி போட்டு, அன்றே வீடு திரும்பும்படி செய்யப்படுகிறது. இமிக்விமோட் போன்ற களிம்புகளும் சிலருக்குத் தரப்படும். சில நாட்கள் வலி இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது, அது மீண்டும் வருவது சாதாரணம் என்பதுதான். எனவே சிகிச்சைக்குப் பின் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள்.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெச்.பி.வி. தடுப்பூசி வைரஸ் தொற்றுவதற்கு முன், இளம் வயதில் போடும்போது மிகச் சிறந்த பாதுகாப்பு. ஏற்கெனவே உள்ள தொற்றையோ மாற்றத்தையோ அது குணப்படுத்தாது. உங்கள் வயதில் அதனால் பெரிய பயனை எதிர்பார்க்க முடியாது. போட்டுக்கொண்டாலும் மேலே சொன்ன எதையும் விட்டுவிட முடியாது. புகைபிடிப்பவராக இருந்தால், அதை நிறுத்துவது இந்த நோயைப் பொறுத்தவரையிலும் பயன் தரும்.

உங்கள் அக்காவைப் பற்றிய கேள்வி நியாயமானது. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க எடுத்துக்கொள்ளும் மருந்துகள் நோய் எதிர்ப்பைக் குறைப்பதால், ஆண்டுகள் செல்லச்செல்ல ஹெச்.பி.வி. சார்ந்த புற்றுகளின் ஆபத்து கூடுகிறது. மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 10 ஆண்டுகள் ஆனதும் ஆசனவாய்ப் பரிசோதனையைத் தொடங்கலாம் என்பது மேற்சொன்ன வழிகாட்டுதல். எனவே அவருக்கும் இது பொருந்துகிறது. கருப்பைவாயிலோ பிறப்புறுப்பின் வெளிப்பகுதியிலோ எப்போதாவது முன்புற்று மாற்றம் இருந்ததாகச் சொல்லப்பட்டிருந்தால் அவருடைய ஆபத்து இன்னும் கூடுதல். வெளிப்பகுதியில் இருந்திருந்தால் அதைக் கண்டறிந்த ஓராண்டுக்குள்ளாகவே ஆசனவாயையும் பார்க்க வேண்டும் என்பது பரிந்துரை. கருப்பைவாய்ப் பரிசோதனைக்குச் செல்லும்போதே விரல் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துவிடும்படி மகப்பேறு மருத்துவரிடம் அவர் கேட்கலாம்; தனியாக இன்னொருவரிடம் போகும் கூச்சமும் மிச்சமாகும். இதையெல்லாம் படித்துவிட்டு அச்சத்தில் எதிர்ப்புக் குறைப்பு மருந்துகளின் அளவை அவர் தாமாகக் குறைத்துவிடக் கூடாது என்பதை மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்; அந்த முடிவை அவருடைய சிறுநீரக மருத்துவரே எடுக்க வேண்டும்.